நாற்பத்தொரு பக்கமும் நான்கு வரியும்

நன்னிலம் கடைத்தெருவில் அப்போது ஏழெட்டு எஸ்.டி.டி. பூத்துகள் இருந்தன. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்த காலம். எல்லா பூத்திலும் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு தொங்கும். எந்த நேரத்தில் என்ன கட்டணம், எது செய்யலாம், எது கூடாது என்று பொடி எழுத்தில் இருபது இருபத்தைந்து வரி. அதை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. ஊரே அக்கா என்று கூப்பிட்ட ஒருவரின் பூத்தில் மட்டும் ஒரு காலண்டர் அட்டையில் மூன்றே வரி:

நம்பரை எழுதிக் கொடுங்கள்.
கதவைச் சாத்துங்கள்.
எடுத்ததும் முதலில், "இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லுங்கள்.

மூன்றாவது வரிக்குக் காரணம் உண்டு. ஒரு பெண் ரியாத்தில் இருந்த புருஷனைக் கூப்பிட்டு, "என்னங்க... உங்கப்பாவுக்கு..." என்று ஆரம்பித்து மூக்கை உறிஞ்சினாள். லைன் போய்விட்டது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றுதான் சொல்ல வந்தாள். அங்கே அந்த மனுஷன் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். அது தெரிந்த மறுநாள் அட்டையில் மூன்றாவது வரி வந்தது. அதன் பிறகு எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட பூத்துக்குள் நுழைந்ததும் அதைச் சொல்லிவிட்டுத்தான் பெயரையே சொன்னார்கள்.

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், "பேரு எதுக்கு தம்பி, யாருக்கு அது?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விதான் அவர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு கட்டைப் பென்சிலை எடுத்துக்கொண்டு, "இது யாருக்கு?" என்பார். பிறகு வரி வரியாக அடிக்க ஆரம்பித்துவிடுவார். அபுதாபிக்குக் கிளம்பிய கொத்தனார் ஒருவர் ஏஜெண்ட் கொடுத்த பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அக்கா முழுசாக, ஒரு வரி விடாமல், ஒரு மணி நேரம் படித்தார். படித்துவிட்டு ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் உடனே யாரிடம் போவது, வேலை மாற்றிச் சொன்னால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது. "பன்னெண்டு பக்கமும் பொட்டியில இருக்கட்டும். இது சட்டைப்பையில இருக்கட்டும்" என்றார்.

அக்கா வீட்டு நிலத்துக்கும் பக்கத்து மூன்று நிலத்துக்கும் ஒரே வாய்க்கால். முறைத் தண்ணீரில் வருஷா வருஷம் மண்வெட்டியைத் தூக்கிக்கொள்வார்கள். ஒரு வருஷம் வக்கீல் வைத்து ஐந்து பக்கத்துக்கு உடன்படிக்கை எழுதினார்கள். அந்த வருஷம் சண்டை ஐந்து பக்கத்துக்கு நடந்தது. அக்கா அதை வாங்கிப் படித்தார். "மடையைத் திறக்கறது முறைக்காரர். மூடறது அடுத்த முறைக்காரர். அவ்வளவுதான்" என்றார். தன் தண்ணீருக்காகக் காத்திருப்பவன் ஒரு நிமிஷம் தாமதமாக மூடுவானா? சண்டை நின்றது. வக்கீலுக்கு மட்டும் வருத்தம்.

இப்படிப்பட்டவர் எங்கள் ஊர் கிளப்பின் பிரிட்ஜ் விதிகளைப் பார்க்க நேர்ந்ததுதான் நான் சொல்ல வந்தது.

பிரிட்ஜ் என்றால் நாலு பேர், எதிரெதிரே உட்காரும் இரண்டு ஜோடி, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எத்தனை பிடி பிடிப்போம் என்று முதலில் ஏலம். பிறகு சீட்டு இறக்கம். நாலு பேரும் ஒரே ஜாதியில் ஒவ்வொரு சீட்டு போட்டால் ஒரு பிடி, பெரிய சீட்டு போட்டவருக்கு அது. ஏலத்தைத் தவிர ஜோடிக்குள் வேறு பேச்சு கிடையாது. கண்ணடிக்கக் கூடாது, கனைக்கக் கூடாது. காசு வைக்காத ஆட்டம் என்பதால் கிளப்பில் அதற்கு ஒரு தனி மரியாதை.

எங்கள் கிளப்பில் ஆடியவர்கள் பெரும்பாலும் உத்தியோகஸ்தர்கள். செயலாளர் தாலுகா ஆபீஸ் சிரஸ்தார். யோக்கியமான மனுஷர். ஆனால் ஒரு தகராறு நடந்தால் ஒரு விதி எழுதாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு வக்கீல் வெற்றிலையை வலது கன்னத்திலிருந்து இடது கன்னத்துக்கு மாற்றிப் பார்ட்னருக்குச் சைகை காட்டுகிறார் என்று புகார் வந்தது. உடனே விதி இருபத்து மூன்று: ஏலம் தொடங்கும்போது வெற்றிலை எந்தக் கன்னத்தில் இருந்ததோ ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். ஒருவர் அடுத்தடுத்துத் தும்மினார். தும்மலுக்கு ஒரு விதி. ஃபேன் காற்றில் சீட்டு புரண்டது. ஃபேனுக்கு மூன்று உட்பிரிவு. எல்லாம் இங்கிலீஷில், சைக்ளோஸ்டைல் போட்டு, நாற்பத்தொரு பக்கம்.

இந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் கிளப் வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். துபாய் கேம்பில் கிரேன் ஓட்டியவர், ஜெத்தாவில் தையல்காரராக இருந்தவர், எலக்ட்ரீஷியன்கள். வெள்ளிக்கிழமைகளில் வேறு போக்கிடம் இல்லாமல் மலையாளி குமாஸ்தாக்களோடு உட்கார்ந்து பிரிட்ஜ் கற்றவர்கள். அருமையாக ஆடுவார்கள். அவர்களில் ஒருவர்தான் என் பார்ட்னர் பாய். அதிராம்பட்டினத்துக்காரர், பதினாலு வருஷம் துபாயில் ஸ்டோர்கீப்பர், நன்னிலத்தில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தார். நான் பக்கத்து உரக்கடையில் கணக்குப்பிள்ளை, கடைத் திண்ணையில் அவரிடம் ஆட்டம் கற்றவன். என் காது பாய்க்கு மிகவும் பிடிக்கும். நல்ல சீட்டு வந்தால் எனக்குக் காது சிவந்துவிடும். "மாப்ளே, நீ ஏலமே கேக்க வேணாம். திரும்பி உக்காரு போதும்" என்பார். அதற்கும் ஒரு விதி வந்துவிடுமோ என்று பயந்து குல்லா போட்டுக்கொண்டு ஆடிய நாளும் உண்டு.

சிரஸ்தார் ஒரு சுற்றறிக்கை விட்டார். வருகிற போட்டிகளில் ஆட விரும்பும் புது ஆட்கள் நாற்பத்தொரு பக்கத்திலும் ஒரு எழுத்துத் தேர்வு எழுத வேண்டும். தேறினால்தான் மேஜை.

நானும் புது ஆள்தான். ஒரு வாரம் யூரியா மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். பாய் பரீட்சித்துப் பார்த்தார். வெற்றிலைக்கு என்ன விதி என்று கேட்டதற்கு, "காற்றின் திசை மாறினால் தீர்ப்பு சொல்பவர் அதை அணைத்துவிடலாம்" என்றேன். பாய் புத்தகத்தை மூடிவிட்டார். "நீயே இப்படின்னா, கிரேன் ஓட்டுனவரு என்ன எழுதுவாரு? அவருக்குக் கையெழுத்து மட்டுந்தான் இங்கிலீஷ்ல வரும்."

இருவரும் அக்காவிடம் போனோம். அக்காவுக்கு பிரிட்ஜ் தெரியும் என்பது பாய்க்குத் தெரிந்திருந்தது. குவைத்தில் புருஷனோடு இருந்தபோது, பக்கத்து ஃபிளாட் கோவாக்காரம்மா கற்றுக்கொடுத்து, கம்பெனி கிளப்பில் போட்டிகளுக்கு டைரக்டராகவே உட்கார்ந்தவர். டைரக்டர் என்றால் தீர்ப்பு சொல்பவர். குவைத்திலிருந்து எல்லாரும் கட்டிய துணியோடு ஓடிவந்த வருஷம், அவர் கைப்பையில் வந்த ஒரே புத்தகம் உலகம் முழுக்க பிரிட்ஜுக்கு வைத்திருக்கும் சட்டப் புத்தகம். "நகையை எடுக்காம இதை எடுத்துட்டு வந்தியேன்னு இன்னிக்கும் திட்டுறாரு" என்று மஸ்கட்டில் இருக்கும் புருஷனைப் பற்றிச் சொல்வார்.

நாற்பத்தொரு பக்கத்தையும் படித்தார். பென்சில் வெளியே வந்தது. "இது யாருக்கு?"

"ஆடறவங்களுக்குத்தான் அக்கா."

"ஆடறவருக்கு இதுல நாலு வரி போதும். மீதி தீர்ப்பு சொல்றவருக்கு."

அந்த வாரமே கிளப் கூட்டத்தில் போய் நின்றார். கிளப்புக்குள் அதற்கு முன் எந்தப் பெண்ணும் காலெடுத்து வைத்ததில்லை. அதைத் தடுக்க விதி எழுத மறந்துவிட்டார்கள். நான் பக்கபலமாகப் போனேன். போய், கதவுக்குப் பின்னால் நின்றேன்.

சிரஸ்தார் மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, விதியை விரிவா எழுதறது யாரையும் விரட்ட இல்லே. சுருக்கமா எழுதினா தீர்ப்பு சொல்றவன் இஷ்டத்துக்கு வளைப்பான். தாலுகா ஆபீஸ்ல முப்பது வருஷம் பார்த்துட்டேன். எழுதாத இடத்துலதான் அநியாயம் நடக்கும்."

எனக்கே அது நியாயமாகப் பட்டது. அக்காவும் தலையை ஆட்டினார்.

"உண்மைதான் சார். அதனால, என்னைத் தீர்ப்பு சொல்லச் சொன்னா, உலகத்துக்கே பொதுவான பெரிய புஸ்தகம் என் மேஜை மேல திறந்தே இருக்கும். நான் எதைப் பார்த்துச் சொன்னேன்னு யார் வேணா வந்து கேக்கலாம். ஆனா, நாப்பத்தோரு பக்கத்தையும் படிச்சுட்டு வந்தாத்தான் நாற்காலின்னு சொல்லாதீங்க. முறை வந்தா ஆடணும், தப்பு நடந்தா சொல்லணும். இதுக்கு எதுக்கு சார் இங்கிலீஷ்?"

வக்கீல் வெற்றிலையை ஒரே கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார். "நாலு வரியில நீதி பரிபாலனமா?"

சிரஸ்தார் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "ஒரு நாள் தர்றேன். ஞாயித்துக்கிழமை போட்டி. நீங்களே டைரக்டர். பாய், இந்தத் தம்பி, இன்னும் ரெண்டு புது ஜோடி, உங்க நாலு வரியோட ஆடட்டும். ஒரே ஒரு தகராறு தீராம நின்னாலும், அடுத்த வாரம் தேர்வு. இவங்களைத் தவிர பதினோரு பேர் மனு கொடுத்திருக்காங்க, எல்லாரும் எழுதணும்."

அக்காவின் முதல் வெட்டு கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூத்தின் பின்னறையில் ஒத்திகை பார்த்தோம். நாலு வரி என்று சொல்லிவிட்டு, அதிலும் மூன்றை அடித்து, "முறை வரும்வரை சும்மா இருங்கள்" என்று ஒரே வரிதான் முதலில் எழுதினார். தையல்காரர் அவ்வளவு சும்மா இருந்தார். எதிராளி கையில் பன்னிரண்டு சீட்டுதான் இருப்பதையும், ஒன்று கீழே விழுந்து கிடப்பதையும் பார்த்துக்கொண்டே கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. "ஏங்க சொல்லலே?" என்றால், "என் முறை வரலியே" என்றார். அக்கா அரை நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தார். பிறகு அடித்ததில் மூன்று வரியைத் திரும்ப எடுத்தார். அடித்ததை மறுபடி சேர்ப்பது அவருக்குப் பல்லைப் பிடுங்குவது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு மேஜை மூலையிலும் கோந்து போட்டு ஒட்டியிருந்தது இதுதான்:

முறை வரும்வரை கையும் வாயும் சும்மா இருக்கட்டும்.
உங்கள் ஜோடியின் ஏலத்துக்கு எதிராளி அர்த்தம் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.
எது தப்பாகப் போனாலும், யார் செய்த தப்பானாலும், கையைத் தூக்கி என்னைக் கூப்பிடுங்கள்.
நான் வரும்வரை யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

காலையிலிருந்து ஏழெட்டுக் கைகள் உயர்ந்தன. அக்கா போவார், கேட்பார், புத்தகத்தைப் பார்ப்பார், சொல்வார், வருவார். தீராதது எதுவும் இல்லை. அப்படியே நழுவிச் சாயங்காலம் ஆகியிருக்கும், நானும் பாயும் இறுதி ஆட்டத்துக்கு வந்து தொலைக்காமல் இருந்திருந்தால். எதிரே சிரஸ்தாரும் வக்கீலும். சுற்றிலும் மொத்தக் கூட்டமும். மனு கொடுத்த பதினோரு பேரும் சுவரோரம் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து, கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி சீட்டுக்கட்டு. இரண்டு பக்கமும் சமம். இஸ்பேடு துருப்பு, பத்துப் பிடி எடுப்பேன் என்று சிரஸ்தார் ஏலத்தை முடித்தார். நாங்கள் நாலு பிடி பிடித்தால் கோப்பை எங்களுக்கு. முதல் சீட்டு இறக்க வேண்டியது சிரஸ்தாரின் இடது பக்கம் இருந்த பாய்.

என் கையில் ஆட்டீன் ஆஸ் இருந்தது, ராஜாவுக்கும் மேலான சீட்டு. அதுதான் வினை. அதைப் பார்த்ததிலிருந்து காது கொதித்தது, எங்கோ ஃபேன் சுற்றும் சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்டது. யாரோ ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. பதிலாக ஆஸை மேஜையில் பளீரென்று அடித்து இறக்கினேன்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முறை பாயுடையது.

"யா அல்லாஹ்" என்றார் பாய், மெதுவாக.

சிரஸ்தார் நாற்காலியில் நிமிர்ந்தார். தன் விதிகள் அவருக்கு மனப்பாடம். "சரி. விதி பதினெட்டு: அந்த ஆஸ் மேஜையிலயே மல்லாந்து கிடக்கணும், போட வாய்ப்பு வந்த உடனே அதைத்தான் போடணும். விதி பத்தொம்பது: பாய், நீங்க இப்ப ஆட்டீன் இறக்கக் கூடாது. வேற இறக்குங்க."

"சரிங்க சார்" என்று பாய் ஒரு சீட்டை உருவப் போனார்.

என் மூளையில் நாற்பத்தொரு பக்கமும் ஃபேன் காற்றில் பறந்துகொண்டிருந்தன. வெற்றிலை ஞாபகம் வந்தது, தும்மல் ஞாபகம் வந்தது, பதினெட்டும் பத்தொன்பதும் வரவில்லை. தலையைக் குனிந்தேன். மேஜை மூலையில் மூன்றாவது வரி. யார் செய்த தப்பானாலும். என் கை தானாக மேலே போனது. அக்காவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அடைக்கோழி மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"எதுக்குத் தம்பி கையைத் தூக்கறீங்க?" என்றார் சிரஸ்தார். "தப்பு உங்களுது. தண்டனையும் சொல்லியாச்சு."

"திருடனே போலீஸைக் கூப்பிடறான் சார்" என்றார் வக்கீல். அறையே சிரித்தது. கை இறங்கிவிடும்போல இருந்தது. நல்லவேளை, பயத்தில் விறைத்துப்போய்விட்டதால் இறங்கவில்லை.

அக்கா சட்டப் புத்தகத்தோடு வந்தார். "யாரும் எதையும் தொடாதீங்க. தம்பி, என்ன நடந்துச்சு?"

"முறை தப்பி இறக்கிட்டேன்க்கா. என் தப்புதான்."

"அப்புறம்?"

சிரஸ்தார் பதினெட்டையும் பத்தொன்பதையும் சொன்னார்.

"ரெண்டுமா சார்?"

"ரெண்டும்தான்."

அக்கா புத்தகத்தைப் புரட்டினார். நிதானமாகப் படித்தார். பிறகு அதை அவர் பக்கம் திருப்பி வைத்து, விரலால் காட்டினார். "இங்க பாருங்க சார். அந்தச் சீட்டை ஏத்துக்கிட்டு அப்படியே ஆடலாம். வேணாம்னா ரெண்டு வழி. ஆஸ் மேஜையில கிடக்கணும்னா, பாய் இஷ்டப்பட்டதை இறக்கலாம். பாய் ஆட்டீன்தான் இறக்கணும்னோ, இறக்கக் கூடாதுன்னோ சொன்னா, ஆஸ் தம்பி கைக்குத் திரும்பிப் போயிடும். ஒரு தப்புக்கு ஒரு தண்டனைதான். எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

சிரஸ்தார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வக்கீல் ஏதோ சொல்லக் குனிந்தார்.

"சும்மா இருங்க வக்கீல் சார். முடிவு அவருது" என்றார் அக்கா.

கடைசியில் சிரஸ்தார், "பாய் ஆட்டீன் இறக்க வேணாம்" என்றார்.

அக்கா ஆஸை எடுத்து என்னிடம் நீட்டினார். "உள்ள வெச்சுக்குங்க தம்பி. பத்திரமா."

வைத்துக்கொண்டேன். எவ்வளவு பத்திரமாக என்றால், நான் இருக்கிற லட்சணத்தில் மறுபடி தூக்கிப் போட்டுவிடுவேன் என்று பயந்து, கட்டைவிரலால் அதை மற்ற சீட்டுகளுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தேன். பாய் கிளாவர் இறக்கினார். ஐந்தாம் பிடியில் என்னிடம் கிளாவர் தீர்ந்தது. ஆஸ் மேஜையில் கிடந்திருந்தால் அங்கேயே வீணாக விழுந்திருக்கும். ஒரு சின்ன டைமண்டைக் கழித்தேன். பாய் ஒன்று பிடித்தார், இரண்டு பிடித்தார், மூன்று பிடித்தார். சிரஸ்தார் ஒன்பது. ஆளுக்கு ஒரு சீட்டு மிச்சம். சிரஸ்தார் மேஜையில் வைத்தது ஆட்டீன் ராஜா.

கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. பிரித்து எடுக்க இடது கையின் உதவி வேண்டியிருந்தது. ஆஸை ராஜாவின் மேல் வைத்தேன்.

பாய் எழுந்து வந்து என் இரண்டு காதையும் பிடித்துத் திருகினார். "இந்தக் காதுக்கு ஒரு கோப்பை மாப்ளே!" சுவரோரத்தில் பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள், கிரேன் ஆபரேட்டர் விசிலடித்தார்.

வக்கீல் மட்டும் விடாமல் எழுந்து நின்றார். "ஒரு நிமிஷம். இந்தத் தகராறு நாலு வரியில எங்க தீர்ந்துச்சு? தடிப் புஸ்தகத்தைத் திறந்துதானே தீர்ந்துது? அப்ப, பேசினபடி தேர்வு உண்டு."

விசில் நின்றது. பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள். எனக்கு மறுபடி காது. ஐயோ, பாயிண்ட் இருக்கிறதே என்று தோன்றியது.

"ஆமா சார், புஸ்தகத்தைத்தான் திறந்தேன்" என்றார் அக்கா. "அது என் வேலை. தம்பிக்குப் பதினெட்டும் தெரியாது, பத்தொம்பதும் தெரியாது. கையைத் தூக்கணும்னு தெரிஞ்சுது. தூக்கினார். அவர் வேலை அதோட முடிஞ்சுது."

எல்லாரும் சிரஸ்தாரைப் பார்த்தார்கள். அவர் நான்கு வரியை, அன்றைக்கு முதல்தடவையாகப் படிப்பது மாதிரி, விரல் வைத்துப் படித்தார்.

"வக்கீல் சார், அந்த நாப்பத்தோரு பக்கத்தையும் எழுதினவன் நான். வரிக்கு வரி மனப்பாடம். அப்படியும் ஒரு தப்புக்கு ஒரே மூச்சில ரெண்டு தண்டனை கொடுத்துட்டேன், பாயும் சரிங்கன்னு வாங்கிக்கிட்டார். தேர்வு வெச்சா முதல்ல ஃபெயிலாகிறது நான்தான்" என்றார்.

மேஜை டிராயரைத் திறந்தார். அடுத்த வாரத் தேர்வுக்கான கேள்வித்தாள்கள் கட்டாக இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பின்பக்கம் சுத்தமா இருக்கு. ஸ்கோர் எழுத ஆகும்" என்று கட்டை அக்காவிடம் கொடுத்தார்.

வக்கீல் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார். சிரஸ்தார் தனக்கு எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"எனக்கு இப்ப பார்ட்னர் இல்லே. யாரு வர்றீங்க?"

பதினோரு நாற்காலிகள் ஒரே நேரத்தில் நகரும் சத்தம் கேட்டது.